அலிபிரி அடிவாரத்தில் பறவைக் கணக்கு

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்பது தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் வகுத்த வரையறை. அன்று தொட்டு அம்மலை தமிழர் நெஞ்சில் எல்லைக் கல்லாகவும் கோயிலாகவும் நின்று வருகின்றது. ஆட்சி எல்லைகள் பிற்காலத்தில் பலமுறை மாறின. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சென்றது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்குகிறது. எல்லைகள் எவ்வாறு மாறினும், மலையடிவாரமாகிய அலிபிரிக்கு வந்து சேரும் அடியார் கூட்டம் குறைந்ததில்லை.

அம்மலைக்கு ஏறும் மக்களைப் பற்றியும் அங்குள்ள கோயிலைப் பற்றியும் எழுதியோர் பலர். பாஸ்கரத் தொண்டைமான் தம் தலயாத்திரை நூல்வரிசைக்கு ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்றே பெயரிட்டார். ஆயின் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அதே அடிவாரத்துக்கு வேறொரு கூட்டமும் வந்து சேர்கின்றது. சுமையும் இல்லை, முன்பதிவும் இல்லை. இமயத்தையும் நடு ஆசியாவையும் கடந்து வருகின்ற அக்கூட்டம் பறவைக் கூட்டம். அவற்றைக் காண்பதும் எண்ணுவதும் பற்றிச் சில செய்திகளை நம் சங்க அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பின்முற்றத்தில்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குப் பறவைகளுக்குத் தீனி வைப்பது புதிய செய்தியன்று. கார்த்திகை பிறந்து மரங்கள் இலையுதிர்ந்து நின்றதும், பின்முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு, சூரியகாந்தி விதை நிரப்பிய தீனிக்கூடு ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் நம்மவர் பலரிடம் பரவியிருக்கிறது. பிள்ளைகளின் பொருட்டுத் தொடங்கியது, பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர் சென்ற பின்னர், பெரியவர்களின் காலைத் துணையாக நிலைத்துவிட்ட வீடுகளும் உண்டு.

அக்கூட்டுக்கு முதலில் வருவது பெரும்பாலும் சிக்கடீ என்னும் கருந்தொப்பிக் குருவி. அதன் எடை ஏறத்தாழ 11 கிராம். நம் சமையலறைக் கரண்டி ஒன்றின் எடைகூட இராது. உறைபனி இரவுகளில் அது தன் உடல்வெப்பத்தையே சில பாகை குறைத்துக்கொண்டு உயிர் பிழைக்கின்றது. பகல் முழுதும் விதை தேடித் தின்பதோடு நில்லாமல், மரப்பட்டையின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்தும் வைக்கின்றது. ஒளித்த இடத்தைப் பல நாள் கழித்தும் மறவாமல் தேடி எடுக்கின்றது. கூட்டின் கீழே பனியில் சிந்திய மணிகளைப் பொறுக்குவது ஜங்கோ. அது வடக்கே ஊசியிலைக் காடுகளில் கோடையைக் கழித்துவிட்டுக் குளிருக்கு அஞ்சி நம் ஊருக்கு வருவது. நாம் கடுங்குளிர் என்று நடுங்கும் இவ்விடம் அதற்கு வெப்பமான தென்னாடு!

இப்பறவைகளைப் பார்ப்பதோடு நில்லாமல் எண்ணியும் எழுதலாம் என்ற ஏற்பாடு நாம் வாழும் இந்த ஒன்ராறியோ மாநிலத்திலேயே பிறந்தது. லாங் பாயின்ட் பறவை ஆய்வகத்தார் 1976இல் மாநிலம் தழுவிய தீனிக்கூட்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கினர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் நிலையத்தாரும் சேர்ந்துகொள்ள, 1987 முதல் அது வட அமெரிக்கா முழுவதற்கும் உரிய பணியாயிற்று. நவம்பர் முதல் ஏப்ரல் இறுதி வரை, தொடர்ந்த இரண்டு நாள்களைத் தெரிந்துகொண்டு, தம் வீட்டுக்கு வந்த பறவைகளைக் குடும்பத்தார் எழுதி அனுப்புகின்றனர்.

அதன் விதி எளியது, ஆயினும் நுட்பமானது. நாள் முழுதும் வந்த வரவுகளைக் கூட்டலாகாது. ஓர் இனத்துப் பறவைகள் ஒரே பார்வையில் மிகுதியாக எத்தனை தென்பட்டனவோ, அந்த எண்ணையே எழுதவேண்டும். ஒரே சிக்கடீ பத்து முறை வந்து பத்து விதை எடுத்துச் செல்லும். விருந்தில் ஒரே பிள்ளை பத்துத் தடவை பாயசத்துக்கு வந்தால், பத்துப் பிள்ளைகள் உண்டனர் என்று எவரேனும் கணக்கு எழுதுவரோ? இரண்டாவது விதியும் உண்டு. ஒரு பறவையும் வாராத நாளாயின் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதவேண்டும். வெறுமையும் ஒரு செய்தி. வந்ததை மட்டும் எழுதி வாராததை விட்டுவிட்டால், நாட்டில் பறவைகள் பெருகிவிட்டன என்ற பொய்த் தோற்றமே எஞ்சும்.

அடிப்புளியும் ஆளவந்த காடும்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சென்றால் திருப்பதி. நகரின் வடபால் மலை தொடங்கும் இடமே அலிபிரி. அடிவாரத்தில் நின்ற புளியமரத்தை முன்னிட்டு ‘அடிப்புளி’ என வழங்கிய பெயரே அலிபிரி ஆயிற்று என்றும், அம்மரத்தடியில் இருந்தே திருமலைநம்பிகள் இராமாநுசருக்கு இராமாயணம் உரைத்தார் என்றும் பெரியோர் கூறுவர். இங்கிருந்து 3,550 படிகள் ஏறினால், கடல்மட்டத்துக்கு 850 மீட்டர் உயரத்திலுள்ள திருமலையை அடையலாம். ஏழு மலைகளுள் ஒன்றுக்குக் கருடாத்திரி என்று பெயர். அடிவாரத்திலும் பெரியதொரு கருடன் சிலை கைகூப்பி நிற்கின்றது. பறவை ஒன்றின் பெயர் பூண்ட மலையடியில் பறவைகளை எண்ணுவதில் ஒரு பொருத்தமும் உண்டன்றோ!

படிவழியின் இருபுறமும் பரந்திருப்பது சேஷாசலக் காடு. பெருமழைக் காடன்று, பாறையும் முட்புதரும் இலையுதிர் மரங்களும் விரவிய வறண்ட காடு. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே இத்தென்கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில்தான். 1989இல் இக்காட்டின் ஒரு பகுதி வேங்கடேசுவர தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இத்தகைய புதர்க்காடுகளைப் பயனற்ற தரிசு என்று எண்ணுவோர் பலர். அவர்கள் அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்துச் செய்தி ஒன்றை அறிதல் வேண்டும். 1900க்குப் பின் எவர் கண்ணுக்கும் படாமல், அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட ஜெர்டன் ஓடுபறவை, 86 ஆண்டுகள் கழித்து 1986 ஜனவரியில் அம்மாவட்டத்து முட்புதர்களிடையேதான் மீண்டும் கிடைத்தது. அதனை இரவில் தேடிப் பிடித்துக் காட்டியவர் அப்பகுதியைச் சேர்ந்த ஒரு வேட்டைக்காரர்.

பனி பெய்யும் நம் ஊரில் குளிர்காலம் என்பது பசிக்காலம். ஆகவே பறவை தீனிக்கூட்டை நாடி வருகின்றது. அலிபிரியில் நிலைமை நேர்மாறானது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஓடைகளில் நீர் இன்னும் கசிந்துகொண்டிருக்கும் காலம் அது. ஆலும் அத்தியும் பழுத்திருக்கும். தை, மாசியில் இலைகளெல்லாம் உதிர்ந்த இலவமரம் செம்மலர்களை மட்டும் தாங்கி நிற்கும். புரசமரம் தீப்பற்றியதுபோற் பூத்திருக்கும். ஒவ்வொரு மலரும் தேன் நிறைந்த கிண்ணம். மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் கிளியும் அம்மரங்களில் மொய்த்திருக்கும் காட்சியைக் கண்டோர், இயற்கை தொங்கவிட்ட தீனிக்கூடு என்றே அதனைச் சொல்வர்.

பெரியம்மாவின் மாடி

2025 பிப்ரவரி 14 முதல் 17 வரை, எங்களுள் நால்வர் திருப்பதியில் தங்கியிருந்தோம். அந்நான்கு நாள்களும் உலகெங்கும் பின்முற்றப் பறவைகளை எண்ணும் நாள்கள். இவ்வேற்பாடு 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கியது. 2013 முதல் இந்தியாவிலும் நடைபெறுகின்றது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்டும் கேட்டும் உணர்ந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்பது மட்டுமே விதி. கல்லூரிகளும் பள்ளிகளும் தத்தம் வளாகங்களில் இதனைச் செய்கின்றன.

நாங்கள் தங்கியது எங்களுள் ஒருவருடைய பெரியம்மாவின் இல்லம். அலிபிரிச் சாலையிலிருந்து சிறிது உள்ளடங்கிய பழைய வீடு. மூன்று தலைமுறையாகத் திருப்பதியில் வாழும் தமிழ்க் குடும்பம் அது. மக்கள் மூவரும் கடல்கடந்து சென்றுவிட, பெரியம்மா தனியாக இருக்கின்றார். காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துக் காக்கையை அழைத்த பின்னரே அவர் வாயில் நீர் படும். தை இரண்டாம் நாள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டைகளை வரிசையாக வைத்துக் கனுப்பிடி வைப்பதையும் அவர் விட்டதில்லை. அத்தெருவிலுள்ள தெலுங்குக் குடும்பத்தார் சங்கராந்திக்கு நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி வாசலில் கட்டியிருந்தனர். மணிகளெல்லாம் கொறிக்கப்பட்டு வெறுங்கதிராய் அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தீனிக்கூடு என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவோர் அக்குஞ்சத்தைக் காணல் வேண்டும்.

முதல்நாள் காலை நாங்கள் குறிப்பேடும் தொலைநோக்கியுமாக மாடிக்குச் சென்றபோது பெரியம்மா நகைத்தார்.

“எண்ணுவதற்கு இத்தனை ஏற்பாடா, தம்பி? நான் தினமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பெல்லாம் எட்டுக் காக்கை வரும். பின்வீட்டுப் புளியமரத்தை வெட்டிய பிறகு ஐந்துதான் வருகிறது. அதில் ஒன்றுக்கு ஒரு கால் ஊனம்.”

“இதையெல்லாம் எங்கேனும் எழுதி வைத்திருக்கிறீர்களா, பெரியம்மா?”

“காக்கைக்குக் கணக்கெழுதி யாரிடம் காட்டுவது?”

நாங்கள் மறுமொழி கூறவில்லை. நாற்பது ஆண்டுக் காலம் நாள் தவறாமல், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்த்து வந்த ஒரு கணக்கு அவ்வம்மையாரின் நினைவில் மட்டுமே இருந்தது. எந்த ஆய்வாளருக்கும் எளிதில் கிடைக்காத செல்வம் அது. அவர் காலத்துக்குப் பின் அது இல்லை.

அன்று 15 நிமிடத்தில் எழுதியவை இவை: காகம் 5, மைனா 6, கரிச்சான் 2, பச்சைக்கிளி 9, கொண்டைக்குருவி 3, தையற்சிட்டு 1, ஊதாத் தேன்சிட்டு 2, மாடப்புறா 14. செம்மார்புக் குக்குறுவானின் தட்டான் சுத்தியல் போன்ற ஓசை மட்டும் ஓரிடத்திலிருந்து வந்தது. அதனையும் 1 என எழுதினோம். வேலியோரச் செம்பருத்திப் புதரில் ‘சக், சக்’ என்று நாவைத் தட்டினாற்போல் ஓர் ஒலி எழுந்தது. நாணற் கதிர்க்குருவி அது. மங்கிய பழுப்பு நிறம். பார்த்தவர் கண்ணில் நில்லாத எளிய உருவம். ஆயினும் பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது அது. பெரியம்மாவின் கிணற்றடிச் செம்பருத்தி அதற்குப் பல மாத இல்லம்.

சிட்டுக்குருவி ஒன்றையும் நான்கு நாளிலும் அம்மாடியில் காணவில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் அதனையும் எழுதினோம். சிட்டுக்குருவி எங்கும் அழிந்துவிட்டது என்றும் கைப்பேசிக் கோபுரங்களே அதற்குக் காரணம் என்றும் பலர் உறுதியாகச் சொல்வதுண்டு. ஆயிரக்கணக்கானோர் எழுதியனுப்பிய பட்டியல்களைத் தொகுத்து 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை வேறு கூறுகின்றது. பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருப்பது உண்மையே. நாடு முழுதும் நோக்கின் அது பெரும்பாலும் நிலையாகவே உள்ளது. கோபுரங்களின் மீது சுமத்தப்பட்ட பழிக்குச் சான்று இல்லை. ஊர்ப்பேச்சுக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அன்று மாலை மாடியில் நின்றபோது, நகரின் மேல் சூறைக்குருவிகள் அடையத் திரும்பின. இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் கொண்ட இவை நடு ஆசியப் புல்வெளிகளில் பிறந்தவை. திரளாகப் பறக்கும் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்தும் வானத்தில் எவ்வளவு இடம் கொள்கின்றன என்று கண்ணால் அளந்து, அவ்வளவினால் திரள் முழுவதையும் அளத்தல் வேண்டும். ஏறத்தாழ 120 என்று எழுதினோம். பெரியம்மா அருகில் நின்று, “நூறுக்கு மேல் இருக்கும், இருநூறு இராது” என்றார். அவர் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்தே இருந்தன.

படிவழியில்

மறுநாள் காலை 6 மணிக்கு, தலையேறு குண்டை வணங்கிப் படியேறத் தொடங்கினோம். எங்களோடு 12 வயதுச் சிறுவன் ஒருவனும் வந்தான். ஒன்ராறியோவில் பிறந்தவன், தீனிக்கூட்டுப் பறவைகளின் பெயரெல்லாம் மனப்பாடம். படிவழியின் பெரும்பகுதிக்கு மேற்கூரை இருப்பதால் வானத்துப் பறவைகளை அதிகம் காண்பதற்கில்லை. ஆனால் ‘கோவிந்தா’ முழக்கம் சற்று ஓயும் இடைவெளிகளில், காதுக்கு வேலை மிகுதி.

பொழுது புலரும் வேளையில், புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்டது. ஆறுமணிக் குருவி! காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அப்பெயர். ஈழத்திலிருந்து வந்த நம் அன்பர்களுக்கும் இப்பெயர் பழக்கமானது. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டும் இப்பறவை, குளிர்காலத்தில் தெற்கே இறங்கித் தமிழகத்தையும் ஈழத்தையும் அடைகின்றது. ஒன்பது வண்ணம் தாங்கிய உடல். ஆயினும் சருகுகளிடையே நடந்து திரிவதால் காண்பது அரிது. ஓடைக்கரைப் பாறையொன்றில் சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை ஓயாது ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்கியது. வயிற்றின் மஞ்சள் நிறம் வெயிலில் பளிச்சிட்டது. அதுவும் வடக்கிலிருந்து வந்த விருந்தே.

இம்மலைக்கே சிறப்பான பறவை ஒன்றைக் காணும் ஆவல் எங்களுக்கு இருந்தது. அது மஞ்சள் தொண்டைச் சின்னான். சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1845இல் இதனை முதன்முதலில் விவரித்து எழுதினார். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. அழியும் இடருக்குட்பட்ட பறவைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருப்பது. நந்தி மலையிலும் ஹார்ஸ்லி மலையிலும் திருமலைச் சரிவுகளிலும் வாழ்கின்றது, மிகவும் கூச்சமுடையது.

காளிகோபுரம் நெருங்கும்போது, பாறையிடுக்குப் புதரிலிருந்து பறவை ஒன்று எழுந்து மறைந்தது. சிறுவன் துள்ளினான்.

“மஞ்சள் தொண்டைச் சின்னான்! எழுதிக்கொள்ளுங்கள், மாமா!”

எங்களுள் மூத்தவர் நின்றார். “தொண்டையைக் கண்டாயா?”

“வாலின் அடியில் மஞ்சளைக் கண்டேன்.”

“அம்மஞ்சள் வெண்புருவச் சின்னானுக்கும் உண்டு. அதுவும் இப்புதர்களில்தான் இருக்கிறது. தொண்டையும் தலையும் மஞ்சளா, வால்நுனி மஞ்சளா என்று பார்த்தால்தான் துணியலாம்.”

“கட்டாயம் அதுதான், மாமா. இவ்வளவு தூரம் வந்துவிட்டு எழுதாமல் போவதா?”

“இவ்வளவு தூரம் வந்ததனால்தான் ஐயத்தை எழுதக்கூடாது.”

குறிப்பேட்டில் ‘சின்னான், இனம் தெரியவில்லை, 1’ என்று எழுதப்பட்டது. அவ்வாறு எழுதவும் இக்கணக்கில் இடமுண்டு. சிறுவன் ஏழாம் மைல் அனுமார் சிலை வரை எங்களோடு பேசவில்லை.

அச்சிறுவனின் வாட்டம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் மூத்தவர் செய்ததே தக்கது. அரிய பறவை ஒன்று ஒரு மலையில் இன்னும் இருக்கிறதா, இல்லையா என்பதை நாளை ஒருவர் தேடிப் பார்ப்பார். இன்று ஆசையால் எழுதிய ஒரு பொய்வரி, ‘அங்கே நலமாக இருக்கிறது’ என்று அவருக்குச் சொல்லும். இல்லாத பறவையை இருப்பதாக எழுதினால், அதனைக் காக்க வேண்டியவர்கள் கைகட்டி இருந்துவிடுவார்கள். மளிகைக் கடைக் கணக்கில் பிழை நேர்ந்தால் கடைக்காரர் மட்டும் இழப்பார். இக்கணக்கில் பிழை நேர்ந்தால் இழப்பது பறவை.

ஊட்டலின் எல்லை

படிவழி நெடுகிலும் குரங்குகள் உண்டு. பிஸ்கட்டும் வாழைப்பழமும் நீட்டும் கைகளும் உண்டு. நீட்டுவோர் உள்ளத்தில் இருப்பது அன்பே. ஆனால் வீட்டு மாடியில் வைக்கும் ஒரு பிடி சோற்றுக்கும் காட்டு வழியில் எறியும் உணவுக்கும் வேறுபாடு உண்டு. எறிந்த மிச்சத்தை நாடி நாயும் பன்றியும் வரும். அவற்றை நாடிச் சிறுத்தை வரும். 2023 ஜூனில் இப்படிவழியில் சிறுத்தை ஒன்று ஒரு சிறுவனைக் கவ்விச் சென்றது. அவன் காயத்தோடு பிழைத்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அதன்பின், பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை அழைத்து ஏறலாகாது என்று தேவஸ்தானத்தார் கட்டுப்பாடு விதித்தனர். நடந்து செல்வோருக்குக் கைத்தடி வழங்கினர். விலங்குகளுக்குத் தீனி கொடுப்பதையும் தடுத்தனர். ஆகவே அலிபிரிக் காட்டில் நம் பணி காண்பதும் எண்ணுவதும் மட்டுமே. ஊட்டுவதை ஆலுக்கும் இலவுக்கும் விட்டுவிடலாம்.

நம் பின்முற்றத் தீனிக்கூட்டுக்கும் ஓர் அறம் உண்டு. 1994 தொடக்கத்தில், வாஷிங்டன் நகர்ப்புறத்துத் தீனிக்கூடுகளுக்குக் கண் வீங்கிச் சீழ்பிடித்த சிவந்தலைக் குருவிகள் வருவதைக் கணக்கெழுதும் இல்லத்தார் கண்டு தெரிவித்தனர். ஹவுஸ் ஃபிஞ்ச் என்னும் அக்குருவியும் நம்மைப் போல் குடியேறியதே. கலிபோர்னியாப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டு 1940இல் நியூயோர்க் அருகே விடுவிக்கப்பட்டது. கூட்டமாக உண்ணும் இடத்தில் நோய் எளிதில் பரவும் என்பதும், அது எவ்வளவு விரைவில் பரவிற்று என்பதும் அவ்வில்லத்தாரின் குறிப்புகளாலேயே தெளிவாயின. எனவே தீனி வைப்போர் கூட்டை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் கழுவி உலர்த்துக. நோயுற்ற பறவை வரக் கண்டால் சில நாள் கூட்டை இறக்கி வைத்துவிடுக. விருந்தினர்க்குத் தூய இலையில் பரிமாறுவது நம் மரபு.

எண்ணிக்கையின் பயன்

ஒரு வீட்டுக் கணக்கினால் என்ன விளையும் என்று கேட்பார் உளர். 1900ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைச் சுட்டு விளையாடும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக, அவற்றை எண்ணி எழுதுவோம் என்று ஃபிராங்க் சாப்மன் அழைத்தபோது முன்வந்தோர் 27 பேரே. ரொறன்ரோ முதல் கலிபோர்னியா வரை 25 இடங்களில் அவர்கள் எண்ணினார்கள். அது இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 1970க்குப் பின் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்தன என்று 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தபோது, பல்லாண்டு எண்ணி வந்த எளிய மக்களின் குறிப்புகளே அதற்கு அடிப்படையாயின. இந்தியாவில் 2023இல் வெளிவந்த நிலை அறிக்கைக்கு உதவியவர்கள் 30,000க்கு மேற்பட்டோர். அவர்கள் அளித்த குறிப்புகள் 3 கோடி. நெடுங்கால நிலை கணிக்க இயன்ற 338 பறவையினங்களில் 60 விழுக்காடு குறைந்து வருகின்றன என்று அவ்வறிக்கை கூறுகின்றது. இச்செய்தி இனியதன்று; ஆனால் அறிந்தால்தானே மாற்ற முயலலாம்?

நம் குடும்பங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஞாயிறுதோறும் ஊரிலுள்ள பெரியவர்களோடு தொலைபேசியில் பேசுகிறோம். “சாப்பிட்டீர்களா? மருந்து எடுத்தீர்களா? குளிர் எப்படி?” என்ற மூன்று கேள்விக்குப் பின் இரு பக்கமும் மௌனம் விழுகின்றது. பேரப்பிள்ளைகளுக்குப் பேச ஏதும் கிடைப்பதில்லை. நாங்கள் திருப்பதியை விட்டுப் புறப்படும் நாளில், பெரியம்மா தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் ‘காக்கை 5, கிளி 7’ என்று எழுதி எங்களிடம் காட்டினார். இப்போது ஞாயிறு மாலையில் அச்சிறுவன் இங்கே சிக்கடீ எத்தனை என்று சொல்கிறான். அவர் அங்கே காக்கை எத்தனை என்று சொல்கிறார். கால் ஊனமுற்ற காக்கை வந்ததா என்று அவன் தவறாமல் கேட்கிறான். உரையாடல் அரை மணிக்குக் குறைவதில்லை.

வரும் குளிர்காலத்துக்கு நம் சங்கத்தார்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. அதற்கடுத்த மாதம் உலகக் கணக்கெடுப்பு. அந்நாள்களில் ஒவ்வொரு வீட்டிலும் 15 நிமிடம் ஒதுக்குக. குளிர்காலத்தில் நமக்கும் இந்தியாவுக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு. இங்கே காலை 8 மணிக்கு நீங்கள் சன்னலோரம் அமரும்போது, அங்கே மாலை 6.30, சூறைக்குருவிகள் மரத்தில் அடைந்துவிட்டிருக்கும். ஊரிலுள்ள பெற்றோரிடம் அன்றைய கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்க. அவர்கள் மாடியில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் மாற்றச் சொல்க. இரு வீட்டுப் பட்டியலையும் ஒரே தாளில் அருகருகே எழுதிச் சங்கத்துக்கு அனுப்புக. பங்குனி இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். கண்டதை மட்டும் எழுதுக. ஐயமாயின் ஐயம் என்றே எழுதுக. ஒன்றும் வரவில்லையாயின், பூச்சியத்தையும் தவறாமல் எழுதி அனுப்புக.